புள்ளடி போட்ட யன்னல்

கனடாவில் எந்தப் பட்டணத்தில் எந்தக் கட்டடம் எத்தனை மாடி என்று அந்த நாளில் என்னை நித்திரையில் எழுப்பிக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பேன். டொராண்டோவில் ஏரியைப் பார்த்தபடி நிற்பவை, மொன்றியலில் மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நிற்பவை, வினிப்பெக்கில் சுற்றிவர ஒன்றுமேயில்லாத வெளியில் ஏனோ எழும்பி நிற்பவை, எல்லாம் எனக்குப் பழக்கம். அதே நேரம், மலாயாவில் நாங்கள் இருந்த ரெங்கத்திலிருந்து ரயிலில் அரை மணித்தியாலம் தள்ளியிருந்த குளுவாங்கை நான் இரண்டே தடவைதான் பார்த்திருந்தேன். ஜொகூர் பாருவைப் பார்த்தது, கலியாணம் முடித்துக் கப்பலில் சிங்கப்பூர் வந்து ரெங்கத்துக்கு ரயிலேறிய அன்று, யன்னலால். அதையும் முழுதாகப் பார்ப்பதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்துவிட்டது.

என் கணவர் ரெங்கத்தில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கிளாக்கர். யாழ்ப்பாணத்தில் இங்கிலீசு படித்தவர், ஊரில் கலியாணத்துக்கு இரண்டு தங்கைகள் காத்திருக்கும் அண்ணன். எங்களுக்குக் கந்தோர் கொடுத்த பலகை வீடு தண்டவாளத்துக்குப் பக்கத்தில் இருந்தது. மெயில் வண்டி போனால் தட்டில் உள்ள கோப்பைகள் எல்லாம் கிலுகிலுக்கும். மற்றக் கிளாக்கர்மார் பின்வளவில் மரக்கறி நட்டார்கள், பந்தடித்தார்கள், பெண்சாதிக்குத் தெரியாமல் சீட்டாடினார்கள். என்னுடையவர் படம் சேர்த்தார்.

ஆரம்பித்து வைத்தது ஓர் இங்கிலீசுப் பத்திரிகை. தோட்டத்துத் துரை வாசித்து, பெரிய கிராணி என்கிற தலைமைக் கிளாக்கர் வாசித்து, அட்டை கழன்ற பிறகு எங்கள் வீட்டுக்கு வரும். அதன் கடைசிப் பக்கத்தில் படக் கார்டு மாற்றிக்கொள்ள விரும்புகிறவர்களின் விலாசங்கள் போட்டிருப்பார்கள். இவர் ஒன்றைப் பார்த்து எழுதிப் போட்டார். மூன்று மாதம் கழித்து டொராண்டோவிலிருந்து பதில் வந்தது. அந்த மனிதனும் ஒரு கிளாக்கர்தான், ஏதோ தானியக் கம்பனியில். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவனுக்குப் பெயர் கனடாக்காரன்.

முதல் கார்டிலேயே அந்தப் புள்ளடி இருந்தது. ஏரியிலிருந்து எடுத்த படம். கரை நெடுகக் கட்டடங்கள், ஒன்றின் தோளுக்கு மேலால் ஒன்று எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றன. நடுவில் நின்ற உயரமான ஒன்றில், மேலிருந்து மூன்றாவது வரிசையில், ஒரு யன்னலின்மேல் சிவப்புப் பென்சிலால் இரண்டு கோடு குறுக்காகக் கீறியிருந்தது. “இந்த யன்னலுக்குப் பின்னால்தான் நான் இருக்கிறேன்” என்று பின்பக்கத்தில் எழுதியிருந்தானாம். அதை இவர் எனக்குத் தமிழில் இரண்டு தரம் சொன்னார். ஒரு கட்டடத்துக்குள் ஓர் ஆள் இருப்பது அவ்வளவு பெரிய விஷயமா என்று எனக்குச் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கார்டு பார்க்கிற நேரம். பக்கத்துத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து கட்டும் டிரெசராக இருந்தவரும் அவர் மனைவியும் வருவார்கள். அவர்கள் தஞ்சாவூர்ப் பக்கத்து ஆட்கள். அவர் என்னைத் தங்கச்சி என்பார், இவரைக் கிராணி என்பார், நான் அவரை அண்ணன் என்பேன். இவர் மேசைமேல் ஒரு வெள்ளைத் துணி விரித்து, கார்டுகளை ஒவ்வொன்றாக, ஏதோ கோயில் நகை எடுத்து வைப்பதுபோல் வைப்பார்.

“அலமாக்! இம்மாம் உயரத்துக்குத் தண்ணி எப்படி ஏறும், கிராணி?” என்பார் டிரெசர் அண்ணன்.

“பம்பு வைச்சிருப்பினம்.”

“பம்பு நின்னு போச்சுன்னா? வாளியில தூக்குவாங்களா?”

“தண்ணிய விடுங்க,” என்பார் அவர் மனைவி. “துணி எங்க காயப் போடுவாங்க? ஒரு வீட்டுலயும் கொடியே காணோமே.”

நாலு பேருமாக ஒவ்வொரு மாடியாகக் கொடி தேடினோம். பனி விழுந்த படம் ஒன்று வந்தபோது, இவ்வளவு சுண்ணாம்பையும் கொட்டி வீணாக்கிவிட்டார்களே என்று அந்த அக்கா உண்மையாகவே வருத்தப்பட்டார். அது பனி என்று இவர் விளக்கி முடிக்க ஒரு மணித்தியாலம் ஆனது. தேத்தண்ணி ஆறிப் போனது. எனக்கு எரிச்சல் வந்தது, ஆனால் அந்த எரிச்சலில் ஒரு சந்தோஷமும் இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

பதிலுக்கு நாங்களும் படம் அனுப்ப வேண்டுமே. ரெங்கத்தைப் படம் பிடித்துக் கார்டு அடிக்க யாருக்குப் பைத்தியம்? ஒரு ஸ்டேஷன், ஒரு வரிசைச் சீனர் கடை, ஒரு கள்ளுக்கடை, அதற்குப் பிறகு கண்ணுக்கெட்டிய வரைக்கும் ரப்பர் மரம். கந்தோர்க் காகிதம் கொண்டு ஜொகூர் பாருவுக்குப் போன ஒரு நாள், கடலைப் பார்த்தபடி நிற்கும் பெரிய வெள்ளைக் கட்டடம் ஒன்றின் படக் கார்டை இவர் வாங்கி வந்தார். மேசையில் வைத்தார். ஒரு முனை சிவப்பும் மறு முனை நீலமுமாக இருக்கும் கந்தோர்ப் பென்சிலை எடுத்தார். மேல்மாடி யன்னல் ஒன்றின்மேல் சிவப்பால் புள்ளடி போட்டார்.

“அது ஆரின்ரை யன்னல்?” என்று கேட்டேன்.

“என்ரை.”

“நீங்கள் அதுக்குள்ள போயிருக்கிறியளோ?”

“கீழ் விறாந்தை மட்டும் போயிருக்கிறன்.” என் முகத்தைப் பார்த்துவிட்டு, “எல்லாம் ஒரே அரசாங்கம்தானே அப்பா” என்றார்.

முகம் தெரியாத மனிதனுக்கு ஏன் புளுக வேண்டும் என்று நான் சண்டை பிடித்தேன். சண்டை பிடித்து என்ன செய்வது, எங்கள் ஆட்களுக்கு இது ஒரு வியாதி. மலாயாவுக்கு வந்த யாழ்ப்பாணத்தான் கடிதம் எழுத உட்கார்ந்தால் தன்னை ஒரு படி ஏற்றி வைத்துவிட்டுத்தான் நலம் விசாரிப்பான். ஊருக்கு எழுதும் கடிதங்களில் என் கணவர் எப்போதோ தலைமைக் கிளாக்கர் ஆகிவிட்டிருந்தார். தங்கைகளுக்குப் பேசி வந்த இடங்களெல்லாம் அந்தத் தலைமைக் கிளாக்கரை நம்பி வந்தவை. அந்த ஆளை நான் ஒரு நாளும் பார்த்ததில்லை.

பிறகு கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. கனடாக்காரன் கம்பனி வேலையாக எந்தப் பட்டணத்துக்குப் போனாலும் அந்தப் பட்டணம் முழுதும் தெரியும் ஒரு படத்தை வாங்கி, தான் தங்கிய அறைக்குச் சிவப்புப் புள்ளடி போட்டு அனுப்புவான். உறையைக் கிழித்ததும் புள்ளடியைத் தேடுவதுதான் எங்களுக்கு விளையாட்டு. நான்தான் எப்போதும் முதலில் கண்டுபிடிப்பேன். இங்கிலீசில் என் பெயரைக்கூட எனக்கு வாசிக்கத் தெரியாது, ஆனால் படம் வாசிக்க என்னை மிஞ்ச ஆளில்லை என்று ஒரு திமிர் இருந்தது.

அப்போதுதான் ரப்பர் விலை விழுந்தது. முதலில் தோட்டத்து ஆட்கள் போனார்கள். சட்டி பானை, பாய், பிள்ளைகள், கூட்டில் கோழி, எல்லாவற்றோடும் எங்கள் வாசலைத் தாண்டி ஸ்டேஷனுக்குப் போனார்கள். ஊருக்குத் திருப்பி அனுப்புகிறார்கள் என்றார்கள். பாவம் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கந்தோர்களிலும் ஆள் குறைத்தார்கள், இவருக்கும் காகிதம் வந்தது. மூன்று மாதத்துக்குள் வீட்டை ஒப்படைக்க வேண்டும். ஊருக்குப் போவதானால் கப்பலுக்குச் சீட்டு உண்டு.

“ஊருக்குப் போவம்,” என்றேன்.

“என்னெண்டு போறது?” என்றார். “ஆர் வந்திருக்கிறதெண்டு சொல்லுறது?”

அவருக்குப் பயம் பசியைப் பற்றியது அல்ல. தலைமைக் கிளாக்கரை எதிர்பார்த்து ஊர்ச் சனம் படலையடியில் நிற்கும், இறங்கி நடந்து வருவது இவராக இருக்கும், அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. நான் திட்டினேன். கெஞ்சினேன். இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். ஒன்றும் பலிக்கவில்லை.

இரண்டாம் மாதம் அவர் மெலியத் தொடங்கினார். காலையில் குளுவாங், ஜொகூர் பாரு என்று வேலை கேட்டுப் போவதும் நின்றது. எல்லா இடத்திலும் இவரைப்போல நாலு பேர் வாசலில் நின்றார்களாம். பின்னேரமானால் சேர்ட்டை மாட்டிக்கொண்டு தண்டவாளம் நெடுக நடப்பார். திரும்பி வரும்போது வேட்டியில் சரளைக்கல் தூசி இருக்கும். உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம். எங்கே உட்கார்ந்தார் என்று நான் கேட்கவில்லை. வடக்கே எங்கேயோ ஒரு கிராணி தண்டவாளத்தில் படுத்துவிட்டான் என்று அந்த மாதம் கடைத்தெருவில் பேச்சு அடிபட்டது. ஒரு நாள் சோற்றைப் பிசைந்தபடியே, “நான் இல்லாட்டி உம்மட ஐயா உம்மை வைச்சுப் பார்ப்பார்தானே?” என்று கேட்டார்.

எனக்குக் கோபமாக வந்தது. “உங்கட பங்குக் குழம்பு ஆறுது, சாப்பிடுங்கோ,” என்று கத்தினேன். அன்று தொடங்கி, இந்த மனிதனை உயிரோடு வைத்திருப்பது ஒன்றுதான் எனக்கு வேலை. வீடு, ஊர், மைத்துனிமார் கலியாணம், எல்லாம் பிறகு.

அந்தக் கிழமைதான் அவர், வெகுநாளாகக் கார்டு போடாமல் இருந்த கனடாக்காரனுக்கு எழுதினார். கந்தோரிலிருந்து நின்றுவிட்டதாக எழுதவில்லை. இங்கே சலித்துவிட்டது, குளிர்தேசத்தில் வேலை பார்க்க விருப்பம், உங்கள் கம்பனியில் இடம் இருக்குமா என்று எழுதினாராம். கௌரவம் குறையாமல் பிச்சை கேட்க எங்கள் ஆட்களால்தான் முடியும். ஆனால் அந்தக் கடிதத்தைத் தபாலில் போட்டுவிட்டு வந்தபோது அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் இருந்தது. அதைப் பார்த்துவிட்டேன். பிடித்துக்கொண்டேன்.

கார்டைக் கண்டால் அவரைக் கேலி செய்கிறவள் நான். அதற்குப் பிறகு கார்டுப் பெட்டியை எடுத்து வைத்தவளும் நான். ஒவ்வொரு நாளும் அவர் தண்டவாளத்துக்குப் போகிற நேரம் பார்த்து வெள்ளைத் துணியை விரிப்பேன். “இஞ்சேருங்கோ, டொராண்டோவில எந்தப் பக்கம் வீடு எடுப்பம்?” என்பேன். “ஏரிக்குக் கிட்ட எண்டால் குளிர் கூடவாமே?” என்பேன். அவர் செருப்பைப் போட்டவர் கழற்றுவார். உட்காருவார். இந்தத் தெருவில் டிராம் போகிறது, இந்தக் கோபுரம் பழசு, இந்த இரண்டும் புதுசு, புதுசுக்குள்தான் கம்பனிகள் என்று விரலால் காட்டுவார். “உங்கட யன்னல் எது?” என்பேன். ஒரு நாள் கனடாக்காரனுடைய யன்னலுக்கு இரண்டு யன்னல் தள்ளி ஒன்றைக் காட்டினார். மறுநாள் அதையே மறக்காமல் காட்டினார். மெயில் வண்டி கோப்பைகளைக் கிலுக்கிக்கொண்டு போய்விடும். அன்றைக்குத் தப்பியது என்று நான் மூச்சு விடுவேன்.

இப்படி எத்தனை நாள் ஒரு மனிதனைக் கட்டி வைக்கலாம்? கார்டுகள் இருபதோ இருபத்திரண்டோ. எல்லாக் கட்டடத்தையும் பேசி முடித்தோம். எல்லா மாடியையும் எண்ணி முடித்தோம். சில நாள் அவர் பாதியில் எழுந்து செருப்பைப் போட்டுவிடுவார், நான் என்ன கேட்டாலும் காதில் ஏறாது. அந்த நாட்களில் வாசல் கம்பைப் பிடித்துக்கொண்டு வண்டிச் சத்தம் போய் முடியும்வரை நிற்பேன். பிறகு அவர் தூரத்தில் வருவது தெரிந்ததும் உள்ளே ஓடி, வெங்காயம் உரிக்கிறவள்போல் இருப்பேன்.

வீட்டை விட இன்னும் மூன்று கிழமை இருந்தபோது கடிதம் வந்தது. இவர் அப்போது கிணற்றடியில். தபால்காரன் கையிலிருந்து வாங்கினேன். கனடாத் தபால்தலை. அவருடைய உறையை நான் ஒரு நாளும் பிரித்ததில்லை, அன்று பிரித்தேன். உள்ளே ஒரு கார்டும் இரண்டு தாளும் இருந்தன. கார்டைத்தான் முதலில் பார்த்தேன். புதுப் பட்டணம், கடற்கரை, கப்பல்கள், பின்னால் மலை. கட்டடங்கள் வரிசையாக நின்றன, ஒன்று மற்ற எல்லாவற்றையும் விட உயரம். நான் புள்ளடியைத் தேடினேன். மேலிருந்து கீழே தேடினேன், கீழிருந்து மேலே தேடினேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் தேடினேன்.

புள்ளடி இல்லை.

அவனுக்கு இருக்க ஒரு யன்னல் இல்லை என்று எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. தாள்களை மடித்துச் சேலைக்குள் செருகிக்கொண்டு, கடைக்குப் போய் வருகிறேன் என்று குரல் கொடுத்துவிட்டு, டிரெசர் அண்ணன் வீட்டுக்கு ஓடினேன்.

அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து மெதுவாக வாசித்தார். நடுவில் ஒரு தடவை நிறுத்தி என்னைப் பார்த்தார். “இது உங்க வீட்டுக்காரர் கடுதாசிக்குப் பதில் இல்ல, தங்கச்சி. தேதியப் பாருங்க. அது போய்ச் சேர்றதுக்கு முன்னாடியே எழுதியிருக்கான்.”

“என்ன எழுதியிருக்கு, அண்ணன்?”

“கம்பனிய மூடிட்டாங்களாம். ஒரு வருஷமா வேலை இல்லையாம். சாமான் வண்டி கூரை மேல ஏறி, அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடிக்கு வந்திருக்கான். வான்கூவராம். கப்பல் துறைக்கிட்ட பெட்டிப் பலகைய அடிச்சு அதுக்குள்ள படுத்திருக்கானாம். அவனாட்டம் நிறையப் பேராம். கஞ்சிக்கு வரிசையில நிக்கிறாங்களாம்.” கண்ணாடியைக் கழற்றினார். “கடைசியில, கிராணிகிட்ட வேலை கேட்டிருக்கான்.”

“என்ன?”

“நீங்க அனுப்பின ஜொகூர் கார்டு இன்னும் அவன் சட்டைப் பையில இருக்காம். கடலப் பாத்து அவ்வளவு பெரிய கட்டடத்துல மேல்மாடியில இருக்கற உங்களுக்கு ஒரு வார்த்தை போதும், உங்களுக்குக் கீழ ஒரு பியூன் வேலைன்னாலும் போதும், கப்பல்ல வேலை செஞ்சுக்கிட்டே வந்துர்றேன்னு எழுதியிருக்கான்.”

அந்த அக்கா அழத் தொடங்கிவிட்டார். எனக்கு அழுகை வரவில்லை. இரண்டு கடிதங்களும் நடுக்கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. இவர் அவனிடம் கேட்கிறார், அவன் இவரிடம் கேட்கிறான். எனக்கு இருந்த ஒரே சாமான் அந்தக் கனடா. அதைக் கொண்டுதான் ஒவ்வொரு பின்னேரத்தையும் கடத்தினேன். இனி எதைக் கொண்டு கடத்துவது?

“மறைச்சு வைக்க முடியாதுலா, தங்கச்சி,” என்றார் டிரெசர் அண்ணன்.

“நீங்கள் வாய் திறக்காதேங்கோ,” என்றேன். “அது போதும்.”

வீட்டுக்கு வந்து தாள்கள் இரண்டையும் அரிசித் தகரத்துக்குள் புதைத்தேன். உறையை அடுப்பில் போட்டேன். கார்டை மேசையில் வைத்தேன். மேசை லாச்சியைத் திறந்து கந்தோர்ப் பென்சிலை எடுத்தேன். முதலில் விறகுக் கட்டையில் இரண்டு தரம் கீறிப் பழகினேன். பிறகு அந்தப் பட்டணத்திலேயே உயரமான கட்டடத்தில், மேலிருந்து மூன்றாவது வரிசையில், கனடாக்காரன் போடுவதுபோலவே சின்னதாக ஒரு சிவப்புப் புள்ளடி போட்டேன். ஒருவருக்கும் புளுக வேண்டாம் என்று அவரோடு சண்டை பிடித்தவள்தான் நான்.

“கார்டு வந்திருக்கு,” என்று நீட்டினேன். “கடிதம் இல்லை. கார்டு மட்டும்தான்.”

அவர் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வாங்கினார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். வெகுநேரம் பார்த்தார். கார்டைத் திருப்பினார், பின்பக்கம் வெறுமையாக இருந்தது. மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

“பெரிய இடத்துக்குப் போயிட்டான் போல,” என்றேன்.

“ஓம்,” என்றார். “நல்ல உயரம்.”

சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அன்று அவர் தண்டவாளத்துக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை, வாசற்படியில் அந்தக் கார்டை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். என் கெட்டித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். மூன்றாம் நாள் நான் கிணற்றடியால் வந்தபோது வாசற்படியில் அவரும் இல்லை, செருப்பும் இல்லை, கார்டும் இல்லை.

பின்னேர மெயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அரிசித் தகரத்தைக் கவிழ்த்துக் கொட்டினேன். தாள்களைப் பொறுக்கிக்கொண்டு ஓடினேன். தண்டவாளத்துச் சரளைக்கல்லில் வெறுங்காலோடு ஓடியிருக்கிறீர்களா? எனக்கு வலி அடுத்த நாள்தான் தெரிந்தது. ஸ்டேஷன் பக்கம் இல்லை. மறுபக்கம் ஓடினேன். ரப்பர்க் காட்டுக்குள் பாதை வளைகிற இடத்தில், தண்டவாளத்தின்மேல் உட்கார்ந்திருந்தார். முழங்காலில் கார்டு.

“எழும்புங்கோ!” என்று கத்தினேன்.

அவர் எழும்பவில்லை. கார்டை என் பக்கம் திருப்பினார். “படத்துக்குக் கீழ பொடி எழுத்தில என்ன எழுதியிருக்கெண்டு தெரியுமே? இது ஒரு ஹோட்டல். கட்டி முடியேல்லை. வேலையைப் பாதியில நிப்பாட்டிப் போட்டாங்களெண்டு பத்திரிகையில வாசிச்சனான். இதுக்குள்ள ஒருத்தரும் இல்லையப்பா. வெறுங்கூடு.” நிதானமாகத்தான் கேட்டார். “ஏன் புள்ளடி போட்டனீர்?”

படம் வாசிக்க என்னை மிஞ்ச ஆளில்லை என்று நினைத்தவள். ஒரு பட்டணத்தில் இருந்த அத்தனை யன்னலிலும், ஆளில்லாத யன்னலாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன்.

“நீங்கள் சாகக்கூடாதெண்டு போட்டனான்,” என்றேன். “வேற என்னத்துக்கு? எனக்கு வேற என்ன தெரியும்?”

தண்டவாளம் மெல்லக் கிணுகிணுக்கத் தொடங்கியது. நான் தாள்களை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். “கடிதம் வந்தது. நான்தான் ஒளிச்சு வைச்சனான். அவனுக்கு வேலை போயிட்டுது. தெருவில நிக்கிறான். உங்களிட்டை வேலை கேட்டு எழுதியிருக்கிறான்.”

“என்னட்டையோ?”

“உங்களிட்டைத்தான். நீங்கள் போட்ட புள்ளடியை நம்பி. வாசிச்சுப் போட்டுச் சாகிறதெண்டால் சாகுங்கோ. அவனுக்குப் பதில் ஆர் எழுதுறது? நான் எழுதவோ? எனக்கு இங்கிலீசு தெரியுமோ?”

அவர் எழும்பினார். எழும்பித் தாளை வாங்கினார் என்றுதான் ஞாபகம். நான் கையைப் பிடித்து இழுத்ததும் ஞாபகம். இரண்டு பேரும் மரங்களுக்குப் பக்கம் ஒதுங்கிய பிறகு மெயில் போனது, அந்தக் காற்றில் தாள் படபடவென்று அடித்தது, அவர் இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு வாசித்துக்கொண்டே நின்றார். வாசித்து முடித்ததும் அழுதார். தகப்பன் செத்த செய்தி வந்தபோதுகூட அப்படி அழுததில்லை. “பாவி, அதை நம்பிப்போட்டான்,” என்றார். “அந்த யன்னலை நம்பிப்போட்டானே.”

அன்று விளக்கு ஏற்றியதும் எழுத உட்கார்ந்தார். எல்லாவற்றையும் எழுதினார். அந்தக் கட்டடத்தில் தான் ஒரு நாளும் வேலை பார்க்கவில்லை என்றும், பார்த்த சின்ன வேலையும் போய்விட்டது என்றும், இருக்கிற வீடும் இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான் என்றும். எழுதி எழுதி எனக்குத் தமிழில் சொன்னார். அதே கையோடு ஊருக்கும் ஒரு கடிதம் எழுதினார். அதில் தலைமைக் கிளாக்கர் இல்லை. மூத்த தங்கைக்குப் பேசியிருந்த இடம் அந்தக் கடிதத்தோடு விட்டுப் போனது. அதற்காக மைத்துனி என்னோடு பல வருஷம் பேசவில்லை.

டிரெசர் அண்ணன் அங்கே இங்கே சொல்லி, அன்னாசித் தோட்டம் ஒன்றில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பாதிச் சம்பளம், ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசை. குடிசைக்கு யன்னல் என்று ஒன்றும் கிடையாது, பலகையில் சதுரமாக ஒரு ஓட்டைதான். அங்கே போன முதல் ஞாயிறு இவர் ஒரு வெள்ளை மட்டையில் அந்தக் குடிசையைப் பென்சிலால் வரைந்தார். கோணலாக வந்தது, கூரையை நான்தான் திருத்தினேன். அந்த ஓட்டைக்குச் சிவப்புப் புள்ளடி போட்டு, அவன் எழுதியிருந்த வான்கூவர் தபால் கந்தோர் விலாசத்துக்கு அனுப்பினார். இது மெய்யாகவே என் யன்னல், நீ வந்தால் உனக்கும் இதற்குள் இடம் உண்டு என்று பின்னால் எழுதினார்.

வேலை கேட்டு முன்பு டொராண்டோவுக்குப் போட்ட கடிதம், ஆள் இல்லை என்று முத்திரை குத்தி, அரை வருஷம் கழித்துத் திரும்பி வந்தது. வான்கூவருக்குப் போட்டவை திரும்பவும் இல்லை, பதிலும் இல்லை. கிடைத்திருந்தால்தானே திரும்பாமல் இருக்கும் என்று இவர் வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் அதற்குப் பிறகு என்னோடு நெடுங்காலம் இருந்தார். கார்டுகளைக் கறையான் தின்றது, நான் புள்ளடி போட்டது ஒன்றுதான் மிச்சம். அந்தக் கட்டடத்தைப் பிறகு கட்டி முடித்திருப்பார்கள். நான் புள்ளடி போட்ட யன்னலுக்குப் பின்னால் யாராவது விளக்கு ஏற்றியிருப்பார்கள், திரை போட்டிருப்பார்கள். என் மனிதனைத் தண்டவாளத்திலிருந்து எழுப்பியது கனடாக்காரனுடைய கடிதம். அவனை எழுப்ப எங்கள் கடிதம் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது.